பெயர் கேட்க மறந்த தம்பிக்கு நன்றி

மாடம்பாக்கத்துக்கு வீடு மாறி ஒன்பது நாள். இணையம், தொலைபேசி, டிவி மூன்றும் ஒரே கண்ணாடி இழையில் வர வேண்டும், ஒன்றும் வரவில்லை. பெட்டியில் சிவப்பு விளக்கு மட்டும் கண்சிமிட்டியது. முன்பு பழுதுபார்க்க வந்தவர்கள் பெட்டியை மாற்றிவிட்டுப் போனார்கள்.

நேற்று மழையில் நனைந்தபடி வந்த நீங்கள் பெட்டியைத் தொடவே இல்லை. இழையில் வரும் ஒளியின் வலுவைக் காட்டும் மீட்டரில் மைனஸ் 31, மிகக் குறைவு. கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒடுங்கி மடங்கியிருந்த இழையைக் கண்டுபிடித்தீர்கள். அப்படி மடங்கினால் ஒளி வளைவிலேயே கசிந்துவிடும் என்றீர்கள். அகல வட்டமாகச் சுற்றி விட்டதும் மைனஸ் 19, விளக்கு பச்சையானது.

சற்று நேரத்தில் தொலைபேசி மணியடித்தது. ஊரிலிருந்து பெரியம்மா! அம்மா பேசத் தொடங்கியதைப் பார்த்த பிறகுதான் செருப்பை மாட்டினீர்கள். காபிகூடக் குடிக்கவில்லையே, தம்பி. மனமார்ந்த நன்றி.