எங்களைத் தெரியாமலே எங்களுக்காகக் கூடியவர்களுக்கு

வணக்கம்.

இந்த மடலில் ஒருவருடைய பெயரும் இராது. நான் இப்போது எந்த ஊரில் இருக்கிறேன் என்பதும் இராது. கணவரின் கொடுமையிலிருந்து என்னையும் பிள்ளைகளையும் வெளியே எடுத்தவர்களுக்கு நன்றி சொல்ல இது நல்ல முறை இல்லைதான். ஆனால் இருக்கிற இடத்தை யாருக்கும் சொல்லாதே என்று படிப்பித்தவர்களே நீங்கள்தானே. லண்டன் ஓரத்தில் ஒரு கவுன்சில், அங்கிருந்து தூரத்தில் இன்னொரு கவுன்சில். அவ்வளவு போதும்.

முதல் நன்றி ஹெல்த் விசிட்டருக்கு, சின்னப் பிள்ளைகளின் வளர்ச்சியைப் பார்க்க வருகிற தாதிக்கு. மகளுக்கு அப்போது ஐந்து மாதம். எடை பார்க்க வீட்டுக்கு வந்தீர்கள். நீங்கள் என்னிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் வழக்கம்போல என் கணவர்தான் பதில் சொன்னார். அதற்கு முதல் ஒரு டாக்டரிடம் போனபோதும் அப்படித்தான். கையில் கண்டியிருந்ததைப் பார்த்து டாக்டர் கேட்க, "படியில் விழுந்தவ" என்று அவர் மொழிபெயர்த்தார். அதையே எழுதிக்கொண்டு விட்டுவிட்டார்கள். நீங்கள் விடவில்லை. அடுத்த முறை கிளினிக்குக்கு வரச் சொன்னீர்கள். தாயைத் தனியாகப் பார்ப்பது எங்கள் வழக்கம் என்று சிரித்தபடியே அவரை வெளியில் இருத்தினீர்கள். தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு, மொழிபெயர்ப்பாளர் ஒருவரை எடுத்து, "வீட்டில் பயமில்லாமல் இருக்கிறீர்களா?" என்று தமிழில் கேட்க வைத்தீர்கள். இந்த நாட்டுக்கு வந்த மூன்று வருசத்தில் அப்படி ஒருவரும் என்னைக் கேட்டதில்லை.

நான் சொன்னதில் ஒரு வரியைக்கூட நீங்கள் பிள்ளையின் சிவப்புப் புத்தகத்தில், அதாவது வீட்டில் வைத்திருக்கிற அவளின் சுகாதாரப் பதிவேட்டில், எழுதவில்லை. அவர் அதை எடுத்து வாசிப்பார் என்று நான் சொல்லாமலே உங்களுக்குத் தெரிந்திருந்தது. அன்றைய பக்கத்தில் எடை மட்டும்தான் இருக்கிறது: 6.4 கிலோ.

அப்புறம் அந்தக் கேள்விப் பட்டியல். இருபதுக்கும் மேற்பட்ட கேள்விகள். கழுத்தை நெரித்தாரா, கர்ப்பமாக இருந்தபோதும் நடந்ததா, எங்கே போனாலும் பின்னால் வருகிறாரா, காசைத் தன் கையிலேயே வைத்திருக்கிறாரா... நான் "ஓம்" என்று சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகச் சரி போட்டுக்கொண்டு போனீர்கள். பொதுவாக 14 சரி விழுந்தால் உயிராபத்துள்ள வழக்காக எடுப்பார்களாம். எனக்கு 17. எண்ணி முடித்தபோது உங்கள் முகம் மாறியதைக் கண்டுதான் எனக்கே பயம் வந்தது.

மராக் என்று ஒரு கூட்டம் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. 2003இல் கார்டிஃப் நகரில் தொடங்கிய முறை அது. பொலிஸ், கவுன்சிலின் ஹவுசிங், பிள்ளைகள் பிரிவு, சுகாதார சேவை, இன்னும் சிலர் ஒரே மேசையில் இருந்து, ஆபத்தில் இருக்கிற ஒவ்வொருவரைப் பற்றியும் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்வார்கள். நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. எனக்காகப் பேசியவர் இட்வா அக்கா. இட்வா என்றால் எந்தத் திணைக்களத்துக்காகவும் இல்லாமல், பாதிக்கப்பட்டவரின் பக்கம் நின்று பேசுகிற ஆள். என் கணவருக்கு இப்படியொரு கூட்டம் நடப்பது தெரியவே வராது என்றும் நீங்கள் சொன்னீர்கள், அக்கா. அப்படியிருந்தும் எனக்குக் கோபம்தான் வந்தது. என் வீட்டுக் கதையை முன்பின் தெரியாத ஆட்கள் இருந்து கதைப்பதா? ஒரு வாய்க்குத் தெரிந்தால் கோயில் வீதி வரைக்கும் போய்விடும் என்று வளர்ந்தவள் நான்.

ஆனால் அங்கே நடந்தது வேறு. பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு தடவை 999க்கு அழைப்புப் போனது பொலிசுக்குத் தெரியும், ஹவுசிங்குக்குத் தெரியாது. மகன் வகுப்பில் நித்திரையாவது பள்ளிக்கூடத்துக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியாது. கையில் கண்டியிருந்தது டாக்டரின் கம்பியூட்டரில் சும்மா கிடந்தது. சேர்த்து வைத்துப் பார்த்தபோதுதான் அது என்னவென்று எல்லோருக்கும் விளங்கியிருக்கிறது. எனக்கும்தான். அடித்தால் மட்டும்தான் குற்றம் என்று நினைத்திருந்தேன். வங்கி அட்டையைப் பறித்து, ஃபோனைப் பார்த்து, ஆளை அடக்கி வைப்பதும் இங்கே 2015இலிருந்து குற்றமாம்.

பக்கத்து வீட்டுப் போலந்துக்காரிக்கும் நன்றி. அந்த இரண்டு அழைப்பும் நீங்கள் எடுத்ததுதான் என்று பிறகு அறிந்தேன். எங்கள் ஆட்களில் மூன்று பேரிடம் சொல்லியிருந்தேன். "எல்லா வீட்டிலும் உள்ளதுதான், பொறுத்துப் போ பிள்ளை" என்றார்கள். அவர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொய்யாகச் சொல்லவும் மாட்டேன்.

மகனின் வகுப்பு ஆசிரியைக்கு ஒரு நன்றி. இரண்டாவது தடவை பொலிஸ் வந்துபோன மறுநாள் காலை, பள்ளிக்கூடம் தொடங்க முதலே உங்களுக்குத் தகவல் வந்திருந்தது. நீங்கள் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கிண்ணத்தில் சீரியலும் பாலும் கொடுத்து, பெஞ்சில் இருத்தி, கணக்குப் பாடத்திலிருந்து அன்றைக்கு மட்டும் விட்டுவிட்டீர்கள். வீட்டுக்கு வந்து எனக்குச் சொன்னதே அந்தச் சீரியலைப் பற்றித்தான்.

இனிக் காசுக் கதை. இதை விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் என்னைப்போல எத்தனையோ பேர் இதில்தான் மாட்டிக்கொண்டு இருக்கிறார்கள். என் விசாவில் அரச உதவி பெற முடியாது என்று போட்டிருந்தது. "வெளியே போனால் உன்னைப் பிளேன் ஏற்றிவிடுவார்கள்" என்று அவர் சொல்வதற்கு அந்த ஒரு வரிதான் பலம். பாதுகாப்பு இல்லத்தில் அறை வேண்டுமென்றால் வாடகை உதவிப் பணம் வேண்டும். அந்தப் பணம் வேண்டுமென்றால் விசா மாற வேண்டும். விசா மாறும் வரைக்கும் எங்கே படுப்பது? இதற்கு முதல் ஒரு கவுண்டரில் இதே கேள்வியைக் கேட்டு, ஒரு துண்டுப் பிரசுரத்தோடு திரும்பி வந்தவள் நான்.

இந்த முறை மூன்று பேர் ஒரே கிழமையில் கதைத்து முடித்தீர்கள். 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின் 17ஆம் பிரிவைக் காட்டி, பிள்ளைகள் பிரிவு இடைக்காலச் செலவை ஏற்றது. இப்படித் துணையின் கொடுமையால் பிரிந்தவர்களுக்கென்று உள்துறை தருகிற மூன்று மாதச் சலுகைக்குச் சட்டத்தரணி விண்ணப்பித்தார். அது கிடைத்தால் அரச உதவியும் பெறலாம், அந்த மூன்று மாதத்துக்குள் நிரந்தர விசாவுக்கும் விண்ணப்பிக்கலாம். இரண்டு பாதுகாப்பு இல்லங்களில் இடமில்லை என்ற பிறகும், அக்கா, நீங்கள் மூன்றாவதைத் தேடிப் பிடித்தீர்கள். பிறகு புது ஊரின் ஹவுசிங்கில் "வீட்டுக்குப் போய் ஆதாரம் கொண்டு வா" என்று ஒருவரும் சொல்லவில்லை. வீட்டுக் கொடுமையால் வீடிழந்தவருக்கு முன்னுரிமை உண்டு என்று 2021ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது என்றார் அங்கிருந்த பையன். ஏதோ பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். மகன் பழைய பள்ளிக்கூட நண்பனைக் கேட்டு இன்னும் அழுகிறான். வழக்கு இழுபடுகிறது. இதை வாசிப்பவர்களில் யாருக்காவது தேவையென்றால், வீட்டுக் கொடுமைக்கான இங்கத்தைய உதவி எண் 0808 2000 247 இலவசம், இரவிலும் எடுப்பார்கள், மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம்.

கடைசியாக, அந்த ஸ்பீக்கர் ஃபோனில் வந்த தமிழ்க் குரலுக்கு. உங்கள் முகம் எனக்குத் தெரியாது, பெயரும் தெரியாது. கேள்வியையும் பதிலையும் மாற்றிச் சொல்வது மட்டும்தான் உங்கள் வேலை, சொந்தமாக ஒரு சொல்லும் சேர்க்கக்கூடாதாம். ஆனால் எல்லாம் முடிந்து ஃபோனை வைக்கப்போகும்போது, "பத்திரமா இருங்கோ தங்கச்சி" என்றீர்கள். அதை நீங்கள் ஆங்கிலத்தில் சொல்லவில்லை.

இருக்கிறோம், அக்கா. மூன்று பேரும் பத்திரமாக இருக்கிறோம்.