ஆறு மணிக்கு அஸ்தமனம் எங்கள் தீவில் கிடையாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் அந்தமானின் ஹேவ்லாக், நீல் தீவுகளின் கூட்டமில்லாத கடற்கரைகளைப் பற்றிச் சென்ற இதழின் பயணப் பக்கத்தில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆசையாக, அடுத்த முறை கையில் பென்சிலோடு. "மனிதக் காலடியே படாத மணல்" என்று நீல் தீவைப் பற்றி ஒரு வரி. அப்படியானால் அங்கிருந்து எங்கள் சந்தைக்கு வரும் காய்கறியைப் பயிர் செய்கிறவர்கள் காலில்லாமல் நடக்கிறார்களா? கிழக்கு வங்கத்திலிருந்து எல்லாம் இழந்து வந்தவர்கள் காடு திருத்திக் குடியேறிய ஊர்கள் இவை. சீதாபூர், பரத்பூர், லக்ஷ்மன்பூர் என்று ராமாயணத்தையே கூட்டி வந்து பெயர் வைத்திருக்கிறார்கள். தங்கள் கட்டுரையாளர் கண்ணில் ஒருவரும் படவில்லை போலும்.

அதாவது போகட்டும். ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரையில் "மாலை ஆறு மணிக்குச் சூரியன் கடலில் இறங்கும் அழகை" காணச் சொல்கிறார். எங்களுக்கும் சென்னைக்கும் கடிகாரம் ஒன்றுதான், சூரியன் ஒன்றல்ல. டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் விழுந்துவிடும். வருஷத்தில் எந்த நாளிலும் ஆறுவரை நிற்பதில்லை. ஆறு மணிக்குப் போகிறவர் டார்ச் விளக்கு எடுத்துப் போகட்டும்.

நான் கல்யாணமாகி 1986இல் ராமநாதபுரத்திலிருந்து இங்கே வந்தவள். அன்று முதல் தங்கள் இதழுக்குச் சந்தா. அந்தக் காலத்தில் சென்னைக் கப்பல் மூன்று நாள் கடலில் ஆடி வந்து சேர்ந்தால்தான் இதழ். சில சமயம் நான்கு இதழ் ஒரே கட்டாக வரும். தொடர்கதையை வரிசைப்படுத்திப் படிப்பேன். இத்தனை வருஷத்தில் அந்தமான் என்றால் தங்களுக்குச் செல்லுலார் சிறை, இல்லாவிட்டால் அம்பு வில்லோடு ஒரு படம். சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊர்ப் பக்கத்துச் சிப்பிகாட்டில் நிலம் இறங்கி வயலுக்குள் கடல் ஏறி நின்றதைப் பற்றி நான் எழுதிய கடிதம் "இடமின்மையால்" நான்கு வரியானது. அந்த நான்கு வரியிலும் எழுத்துப்பிழை. ஊர்ப்பெயரைச் சொல்லவே வேண்டாம். ஹேவ்லாக் 2018இலேயே சுவராஜ் தீவு ஆகிவிட்டது, நீல் ஷஹீத் தீவு. (நானும் பழைய பெயரைத்தான் சொல்கிறேன். ஆனால் நான் பத்திரிகை நடத்தவில்லை.)

விஷயத்துக்கு வருகிறேன். ஹேவ்லாக்கின் ஐந்தாம் நம்பர் விஜய்நகர் கடற்கரையைக் "குழந்தைகள் நாள் முழுதும் குளிக்க ஏற்றது" என்று எழுதியிருக்கிறார். போன ஜனவரியில் என் தங்கை குடும்பம் மதுரையிலிருந்து வந்தது. அவர்களும் இதே மாதிரி எதையோ படித்துவிட்டு, காலை பத்து மணிக்கு மாற்றுத்துணி, துண்டு, புளிசாதம் சகிதம் அங்கே போய் இறங்கினார்கள். நானும் கூட இருந்தேன். தண்ணீர் வற்றிக் கிடந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் பாறையும் பவளமும்தான். பேரன் என் புடவையைப் பிடித்து, "பெரியாச்சி, கடல் எங்கே?" என்றான். சிரித்தோம். கடலைத் தேடிப் போன அவன் அப்பா பவளத்தில் பாதத்தைக் கிழித்துக்கொண்டு வந்தபோது சிரிப்பு நின்றது. ஐந்து தையல். திரும்பும் கப்பலில் ஒரு காலில் செருப்பு, மறு காலில் கட்டு.

இங்கே நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். நேரம் தினமும் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியில் ரொம்பவே வற்றும், ரொம்பவே ஏறும். லக்ஷ்மன்பூரில் இயற்கையாகவே அமைந்த அந்தக் கல் பாலத்துக்கு வற்றத்தில்தான் நடந்து போகலாம், ஏறுவதற்குள் திரும்ப வேண்டும். படகுத்துறையில் இளநீர் விற்கிறவரைக் கேட்டால்கூடச் சொல்வார். கட்டுரையாளர் கேட்கவில்லை.

முதலை என்ற சொல்லே கட்டுரையில் இல்லை. ராதாநகரை ஒட்டிய நீல்ஸ் கோவ் என்ற சிறு குடாப் பக்கம் 2010 ஏப்ரலில் ஓர் அமெரிக்கப் பெண்ணை உப்புநீர் முதலை கொன்றது தங்களுக்குத் தெரியாததா? கூட்டமுள்ள இடத்தில் காவலுக்கு ஆள் நிற்பார், விசில் ஊதுவார். கூட்டமில்லாத இடத்தில் யார் ஊதுவது? ஓடைவாய், அலையாத்திக் காடு, அந்தி நேரம், இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் நாங்கள் காலைக்கூட நனைக்க மாட்டோம். தங்கள் பக்கத்துப் படத்தில் இருப்பது அச்சு அசலாக அப்படிப்பட்ட இடம்தான், கீழே "தனிமை விரும்பிகளின் சொர்க்கம்" என்று எழுதியிருக்கிறது.

"நினைவாகச் சில பவளத்துண்டுகள் பொறுக்கி வரலாம்" என்பதைப் படித்து என் கணவர் வாய்விட்டே சிரித்தார். பவளம் எடுப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். விமான நிலையத்தில் பையைத் திறந்து எடுத்து வைத்துவிட்டு விசாரிப்பார்கள். வாசகர் அப்போது தங்கள் இதழைக் காட்டலாமா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் நான்கே வரி: கடலில் இறங்குமுன் ஏற்ற வற்ற நேரம் கேளுங்கள், முதலை எச்சரிக்கைப் பலகை இருந்தால் இறங்காதீர்கள், பவளம் எடுக்காதீர்கள், அஸ்தமனத்துக்கு நாலரைக்கே போய்விடுங்கள். இந்த முறையாவது எழுத்துப்பிழை இல்லாமல்.

சந்தாப் பணம் வழக்கம்போல் அனுப்பியாயிற்று.

இப்படிக்கு,
நாற்பது வருஷ வாசகி ஒருத்தி,
ஸ்ரீ விஜயபுரம் (தங்கள் முகவரிப் பட்டியலில் இன்னும் போர்ட் பிளேர்)