யார் ஏழை என்பதை ஊர் சொல்லட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலக வங்கிக் கடனால் வறுமை குறைந்ததா என்று கேட்டுத் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எத்தனை கோடி வந்தது, எதற்குச் செலவானது என்ற விவரமெல்லாம் இருந்தது. அந்தப் பணம் யார் வீட்டு வாசலுக்குப் போனது, அதை யார் முடிவு செய்தார்கள் என்பது மட்டும் இல்லை. ஊரக வறுமை ஒழிப்புக்கான புதுவாழ்வுத் திட்டம் நடந்தபோது திருவண்ணாமலை மாவட்டத்தில் எங்கள் ஊராட்சியின் சமூகத் தணிக்கைக் குழுவில் இருந்தவள் நான். அந்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

2005-இல் உலக வங்கிக் கடனில் தொடங்கிய அந்தத் திட்டம், பிறகு 26 மாவட்டங்களில் 120 ஒன்றியங்கள் வரை விரிந்தது. பணம் வருவதற்கு முன்பே ஒரு வேலையை முடித்தாக வேண்டும் என்று அதில் விதி இருந்தது. மக்கள் நிலை ஆய்வு என்று பெயர். எங்கள் ஊரில் மாரியம்மன் கோயில் திடலில் கோலமாவால் தெருத்தெருவாக ஊரையே வரைந்தோம். ஒவ்வொரு வீடாகச் சொல்லச் சொல்ல, மிகவும் ஏழை, ஏழை, நடுத்தரம், வசதி என்று ஊர்க்காரர்களே பிரித்தார்கள். காலனித் தெருவில் தனியாக இருந்த பாட்டி ஒருவர், தொகுப்பு வீடு இருந்த ஒரே காரணத்தால் வறுமைக்கோட்டுப் பட்டியலில் விடுபட்டிருந்தார். “கூரை ஒழுகலைன்னா வயிறு ரொம்பிடுமா?” என்று கூட்டத்தில் ஒரு பெண் கேட்டார். பதில் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. பாட்டி மிகவும் ஏழை என்ற பிரிவுக்கு வந்தார். கிணறும் மோட்டாரும் வைத்துக்கொண்டு அரசுப் பட்டியலில் ஏழையாக இருந்த ஒருவரை, அவர் எதிரிலேயே வசதிப் பிரிவில் சேர்த்தார்கள். அந்தப் பட்டியலைக் கிராம சபையில் வாசித்து ஒப்புதல் வாங்கினோம்.

பணம் கிராம வறுமை ஒழிப்புச் சங்கத்தின் கணக்குக்குத் தவணை தவணையாக நேரடியாக வந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கும் நலிவுற்றோருக்கும் அதில் தனிப் பங்கு உண்டு. ரசீதுகளைச் சரிபார்க்கும் வேலை எங்கள் குழுவுடையது. சண்டை வரும், சமாதானம் ஆகும். ஆனால் ஊருக்குத் தெரியாமல் ஒரு ரூபாய் நகர்வது கடினமாக இருந்தது.

வறுமைக்கு உலக வங்கி தனியாக ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு 2.15 டாலர் என்றிருந்ததை 2025 ஜூனில் 3 டாலராக உயர்த்தினார்கள். நாட்டோடு நாட்டை ஒப்பிட அது தேவைதான். காலனித் தெருப் பாட்டியைக் கண்டுபிடிக்க அது உதவாது.

வெளிக்கடன் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இன்று ஊர்தோறும் இருக்கும் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு வித்திட்டதே, 1989-இல் பன்னாட்டு வேளாண் மேம்பாட்டு நிதியத்தின் உதவியோடு தருமபுரியில் தொடங்கிய திட்டம்தான். என் கவலை வேறு. புதுவாழ்வுக்கு வந்தது ஏழை நாடுகளுக்கென்று உலக வங்கி நீண்ட தவணையில், மிகக் குறைந்த செலவில் தரும் கடன். 2014-இல் இந்தியா அந்தத் தகுதியைக் கடந்துவிட்டது. அடுத்து வந்த வாழ்ந்து காட்டுவோம் திட்டத்துக்கான 10 கோடி டாலர், சந்தை நிலவரத்தை ஒட்டி வட்டி கட்ட வேண்டிய கடன். அதனால்தானோ என்னவோ, திட்டத்தின் முகமும் தொழில் பக்கம் திரும்பிவிட்டது. உற்பத்தியாளர் குழு, வங்கிக் கடனோடு சேர்த்துத் திட்டம் தரும் 30 சதவீத இணை மானியம் என்று போனது. எங்கள் பக்கத்தில் அந்த மானியத்தில் மாவு மில் வைத்துத் தலைநிமிர்ந்த பெண்ணை எனக்குத் தெரியும். மனதார மகிழ்ச்சி. ஆனால் வங்கிப் படியேறக் காலில் வலு உள்ளவர்களுக்கான உதவி அது. படுக்கையில் கிடக்கும் மகனை விட்டு நகர முடியாத தாய் என்ன தொழில் திட்ட அறிக்கை கொடுப்பாள்?

உடல்நலம், கல்வி, வாழ்க்கைத் தரம் ஆகியவற்றில் உள்ள குறைகளை வைத்து அளக்கும் நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் கணக்கில் 2019-21 நிலவரப்படி தமிழ்நாட்டில் ஏழைகள் 2.2 சதவீதம். பெருமைப்பட வேண்டிய எண்தான். மிஞ்சியிருப்பவர்களில் பலர் முதியோர், ஆதரவற்றோர், மாற்றுத்திறனாளிகள், ஏரிக்கரையோரம் பட்டா இல்லாமல் குடியிருக்கும் இருளர் குடும்பங்கள். கடன் கொடுத்து இவர்களைக் கரையேற்ற முடியாது. முதலில் அவர்கள் யார் என்று தெரிய வேண்டும். அது அந்தந்த ஊருக்குத்தான் தெரியும்.

உலக வங்கியோ ஆசிய வளர்ச்சி வங்கியோ, அடுத்து எந்தக் கடன் ஒப்பந்தம் போட்டாலும் மக்கள் நிலை ஆய்வைப் புதுப்பிப்பதை முதல் நிபந்தனையாக அரசு எழுதி வாங்க வேண்டும். திட்டம் முடிந்ததும் தணிக்கைக் குழுவைக் கலைக்கக் கூடாது. அன்று ஊர் ஊராகத் தயாரித்த பட்டியல்கள் இப்போது எங்கே இருக்கின்றன, கடைசியாக எப்போது திருத்தப்பட்டன என்று ஊரக வளர்ச்சித் துறையிடம் தங்கள் நிருபர் கேட்டு எழுதினால், நானும் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு அடுத்த கிராம சபைக்குப் போவேன்.

இப்படிக்கு,
சமூகத் தணிக்கைக் குழுவின் முன்னாள் உறுப்பினர்,
திருவண்ணாமலை மாவட்டம்.