தெருவில் சாப்பிடலாம் வா, அக்கா

இஸ்தான்புல்
நவம்பர் கடைசி வாரம்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் நலம். நீ, மாமா, அம்மா எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். டிசம்பரில் மூன்று பேரும் வருவது உறுதி என்று நீ எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு வேலையே ஓடவில்லை.

ஆனால் நீ அனுப்பிய சாமான் பட்டியலைப் பார்த்ததும் இதை உடனே எழுத வேண்டியதாகிவிட்டது. புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ரவை, சின்னக் குக்கர், ஊறுகாய் இரண்டு வகை. வெளியே எதுவும் சாப்பிடாமல் என் அறையிலேயே சமைத்துக்கொள்ளலாம் என்கிறாய். வேண்டாம் அக்கா. அம்மாவுக்கு ஒரு டப்பா பொடி எடுத்துக்கொள், போதும். குக்கர் வீட்டிலேயே இருக்கட்டும். மசூதிகளையும் அரண்மனையையும் நீங்களே பார்த்துக்கொள்ளலாம், அதற்கு நான் தேவையில்லை. நான் இங்கே யார் யாரோடு வாழ்கிறேன் என்று காட்ட வேண்டுமானால் உங்களைத் தெருவில் நிற்க வைத்துச் சாப்பிட வைத்தால்தான் முடியும்.

எங்கள் பையிங் ஆபீஸ் இருக்கும் மெர்டெர் முழுக்க ஆயத்த ஆடை வியாபாரம். திருப்பூரிலிருந்து வந்தவன் என்பதால் துணியும் சாம்பிளும் எனக்குப் புதிதில்லை. வந்த புதிதில் மொழிதான் ஒரு வார்த்தையும் தெரியாது. அந்த நாட்களில் தினமும் என்னிடம் முகம் பார்த்துப் பேசிய ஒரே ஆள், மெட்ரோ வாசலில் சிமித் விற்கிறவர். நான் கையை நீட்டிக் காட்டுவேன், அவர் அதன் பெயரைச் சொல்லி என்னையும் சொல்ல வைப்பார். எண்களை அவரிடம்தான் கற்றேன். இன்றைக்கும் ஒரு நாள் போகாவிட்டால் மறுநாள் எங்கே போனாய் என்று கேட்பார்.

சிமித் என்பது மேலே முழுக்க எள் ஒட்டிய ரொட்டி வளையம். மாவை முறுக்கி வளையமாக்கி, திராட்சைப் பாகு கரைத்த தண்ணீரில் முக்கி, எள்ளில் புரட்டி அடுப்பில் சுடுகிறார்கள். அந்தப் பாகுதான் செம்பழுப்பு நிறத்தையும் லேசான இனிப்பையும் தருகிறது. ஒட்டோமான் காலத்தில், 16ஆம் நூற்றாண்டிலேயே இந்த ஊரில் இது விற்றிருக்கிறது. காலையில் சூடாக வாங்க வேண்டும், மாலையில் வாங்கினால் விறைத்துப்போயிருக்கும். கூட ஒரு துண்டு பாலாடைக்கட்டி கேட்டால் கொடுப்பார்கள். அதை எடுத்துக்கொண்டு எமினோனுவில் படகு ஏறி கடிகோய் போவோம். ஐரோப்பாக் கரையில் ஏறி ஆசியாக் கரையில் இறங்குவதற்குள் ஒரு சிமித்தும் ஒரு கிளாஸ் தேநீரும் முடிந்துவிடும். தேநீரில் பால் இருக்காது, இடுப்பு ஒடுங்கிய சின்னக் கண்ணாடிக் கிளாஸில் சிவப்பாக வரும். அம்மாவுக்கு முதல் நாள் பிடிக்காது. இரண்டாம் நாள் இன்னொன்று கேட்பார், பார்த்துக்கொண்டே இரு.

எமினோனுவிலேயே மீன் ரொட்டியும் கிடைக்கும், பாலிக் எக்மெக். அயிலை இனத்து மீனைத் துண்டாக்கி இரும்புத் தட்டில் சுட்டு, பாதி ரொட்டிக்குள் வெங்காயம், கீரை இலைகளோடு வைத்து, எலுமிச்சை பிழிந்து தருகிறார்கள். முள் இருக்கும், மெதுவாகச் சாப்பிடச் சொல் மாமாவை. ஒரு காலத்தில் ஊரின் நடுவே ஓடும் பாஸ்பரஸ் நீரிணையில் பிடித்த மீனாக இருந்தது, இப்போது பெரும்பாலும் நார்வேயிலிருந்து வருகிறது. பக்கத்திலேயே ஊறுகாய்த் தண்ணீரைக் கிளாஸில் ஊற்றிக் குடிக்கிறார்கள், முட்டைக்கோசும் வெள்ளரியும் ஊறிய புளித்த உப்புத் தண்ணீர். மீனுக்கு மேல் அதைக் குடித்தால்தான் சாப்பாடு முடிந்தது என்பார்கள். எனக்கு அது இன்னும் பழகவில்லை.

சிப்பி விற்கிறவர்களைப் பற்றி உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். மித்யே தோல்மா என்று பெயர். சோற்றை வெங்காயம், மிளகு, உலர்ந்த திராட்சை எல்லாம் சேர்த்துச் சமைத்து, சிப்பிக்குள் அடைத்து வேகவைத்து, தட்டில் அடுக்கித் தெருமுனையில் நிற்பார்கள். மேல் ஓட்டைப் பிரித்து, அதையே கரண்டியாக்கி, எலுமிச்சை பிழிந்து நீட்டுவார்கள். ஒன்றைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் அடுத்தது கையில் இருக்கும். போதும் என்று நீ சொல்லும்வரை நிறுத்த மாட்டார்கள், கடைசியில் ஓடுகளை எண்ணித்தான் காசு. இந்தச் சிப்பியை அடைத்து விற்கிறவர்களில் ஏராளமானவர்கள் மார்தின்காரர்கள். மார்தின் தென்கிழக்கில், சிரியா எல்லைக்குப் பக்கத்தில், கடலே இல்லாத ஊர். பிழைக்க இஸ்தான்புல் வந்து, கடல் பொருளைக் கையில் எடுத்து, அந்தத் தொழிலையே தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். எங்கள் தெருவில் நிற்கும் பையனும் அந்த ஊர்தான். வீட்டுக்குப் பணம் அனுப்பிய நாளில் அவன் முகமே வேறாக இருக்கும். அந்த நாள் எனக்கும் உண்டு என்பதால் நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை, கூடுதலாக ஒரு சிப்பி வைப்பான், அவ்வளவுதான். ஒன்று மட்டும் கவனம்: வெயிலில் வெகுநேரம் இருந்த தட்டிலும், ஆள் வராத கடையிலும் சிப்பி சாப்பிடக் கூடாது. கூட்டம் நிற்கிற இடத்தில் மட்டும்தான்.

இந்த ஊரின் தெருச் சாப்பாட்டில் பாதி இப்படித்தான், எங்கிருந்தோ வந்தவர்கள் தங்கள் ஊரைக் கூடவே கொண்டுவந்தது. உர்ஃபாவிலிருந்து சீ கோஃப்தே, மெர்சினிலிருந்து பொடியாக நறுக்கிய இறைச்சியை வதக்கி ரொட்டியில் சுருட்டும் தந்துனி, அதானாவிலிருந்து கறுப்புக் கேரட்டைப் புளிக்கவைத்த ஷல்காம் பானம். நானும் அப்படி வந்தவன்தான் என்பதாலோ என்னவோ, இந்தக் கடைகளில் நிற்கும்போது அந்நியன் என்ற எண்ணம் வருவதே இல்லை. கடைக்காரர்கள் உன்னை அக்கா என்றும் அம்மாவைச் சித்தி என்றும் தங்கள் மொழியில் கூப்பிடுவார்கள், நீ பார்க்கத்தான் போகிறாய்.

மாமாவுக்கு ஒரு நல்ல செய்தி. குடல் வறுவலுக்காக எவ்வளவு தூரமும் போகிறவர் அல்லவா? இங்கே கொகொரெச் இருக்கிறது. ஆட்டுக்குட்டியின் குடலைக் கழுவி, நீளக் கம்பியில் சுற்றிச் சுற்றி, கரி நெருப்பின் மேல் படுக்கை வாட்டில் திருப்பிக்கொண்டே சுடுவார்கள். கேட்டதும் ஒரு துண்டு வெட்டி, தக்காளி, பச்சை மிளகாயோடு பலகையில் கொத்தி, சீரகம், ஓரிகானோ, மிளகாய்த்தூள் தூவி ரொட்டிக்குள் வைப்பார்கள். முதலில் கால் ரொட்டி வாங்கலாம். இரவு பதினொரு மணிக்கு மேல்தான் அந்தக் கடைகள் களைகட்டும்.

டோனர் கடையில் மட்டும் கேட்காமல் வாங்கக் கூடாது. இறைச்சி டோனர் என்றால் பெரும்பாலும் மாடு, அல்லது மாடும் ஆடும் கலந்தது. நம் வீட்டில் அது பழக்கமில்லையே. கோழி வேண்டுமானால் ‘தாவுக்’ என்று சொல். மாடு ‘டானா’, ஆட்டுக்குட்டி ‘குஸு’. இந்த மூன்று வார்த்தை தெரிந்தால் நான் இல்லாத நேரத்திலும் நீங்கள் சமாளித்துவிடலாம்.

அம்மா சைவம் என்று நீ பயப்படுகிறாய். பயப்பட ஒன்றுமில்லை. சீ கோஃப்தே முன்பு பச்சை இறைச்சியில் செய்தது. ஆனால் கடையில் பச்சை இறைச்சி விற்கத் தடை இருப்பதால், தெருவில் கிடைப்பது இறைச்சி இல்லாதது. பொடிக் கோதுமை ரவையை உர்ஃபாவின் கரிய மிளகாய்த்தூள், தக்காளி விழுது எல்லாம் சேர்த்து வெகுநேரம் கையால் பிசைவார்கள். வேகவைப்பதே இல்லை. பிடி பிடியாக அழுத்தி, மாதுளைப் பாகு ஊற்றி, கீரை இலையில் சுருட்டித் தருவார்கள். இந்த ஊரில் காரம் என்று நாம் ஒப்புக்கொள்ளக்கூடிய சாப்பாடு இதுதான். கோஸ்லெமே என்று, மெல்லிய மாவுத் தகட்டுக்குள் உருளைக்கிழங்கோ கீரையோ பாலாடைக்கட்டியோ வைத்து மடித்து, பெரிய இரும்புத் தட்டில் சுடுவதும் அம்மாவுக்கு ஒத்துவரும். ஒர்தகோயில் கும்பிர் வாங்கலாம். பெரிய உருளைக்கிழங்கைச் சுட்டுப் பிளந்து, உள்ளேயே வெண்ணெயும் சீஸும் போட்டு இழைய மசித்து, மேலே சோளம், ஆலிவ், ஊறுகாய் என்று கேட்டதை எல்லாம் குவிப்பார்கள். சாசேஜும் முட்டை சேர்ந்த சாலட்டும் வேண்டாம் என்று நான் சொல்லிவிடுகிறேன். இரவில் கண்ணாடிப் பெட்டி வண்டியில் விற்கும் கொண்டைக்கடலைச் சோற்றைப் பார்த்து அம்மா ஆசைப்படலாம், ஆனால் அதைக் கோழி வேகவைத்த தண்ணீரில் வடிப்பது உண்டு. விசாரிக்காமல் வேண்டாம்.

அப்புறம், இதை அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல். வேலை விஷயமாக இஸ்மீர் போயிருந்தேன். ஒரு தெருவில் வண்டி வைத்து லோக்மா பொரித்துக்கொண்டிருந்தார்கள், சின்ன மாவு உருண்டைகளை எண்ணெயில் பொரித்துச் சர்க்கரைப் பாகில் போடுவது. நீள வரிசை. நானும் நின்றேன். காசு நீட்டியபோது வாங்க மறுத்துவிட்டார்கள். இறந்துபோன ஒருவருக்காக அவர் வீட்டார் தெருவில் போகிற வருகிற எல்லோருக்கும் கொடுப்பதாம், இஸ்மீரில் அது வழக்கம். வாங்கிக்கொள்கிறவர்கள் அந்த ஆளுக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொண்டு போகிறார்கள். அப்பாவின் திதிக்கு என்னால் வர முடியாத வருஷம் அது. அந்த முன்பின் தெரியாத மனிதருக்காக வேண்டிக்கொண்டேன், அப்பாவுக்காகவும் வேண்டிக்கொண்டேன். சூடாக இருந்தது, இனிப்பாக இருந்தது. அன்றைக்கு எனக்கு மனசு கொஞ்சம் ஆறியது. இஸ்மீர் வரை போக நேரம் இருந்தால் அம்மாவை அங்கே கூட்டிப்போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் வருவது குளிர்காலம் என்பதால் இரண்டு விஷயம் கூடுதலாகக் கிடைக்கும். ஒன்று, தெருமுனைகளில் கரியில் சுடும் கஷ்கொட்டை. தோலில் கீறிச் சுடுவதால் சுலபமாக உரியும், காகிதப் பொட்டலத்தில் கையையும் சூடாக்கும். இன்னொன்று போஸா. தினையைப் புளிக்கவைத்துச் செய்யும் கெட்டியான பானம், கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் புளிப்பு. பட்டைத்தூள் தூவி, மேலே வறுத்த கொண்டைக்கடலை போட்டுச் சாப்பிடுவார்கள். முதல் வாய் வைத்தபோது பாட்டி வீட்டுக் கம்பங்கூழ் மாதிரியே இருந்தது அக்கா, சர்க்கரை போட்ட கம்பங்கூழ். வெஃபா பகுதியில் 1876 முதல் நடக்கும் போஸாக் கடை இருக்கிறது. துருக்கிக் குடியரசை நிறுவிய அத்தாதுர்க் குடித்த கிளாஸை அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். வறுகடலையை எதிர்க் கடையில் வாங்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும்.

குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், பாட்டில்தான். மழை பெய்யும், ஈரம் இறங்காத செருப்போ ஷூவோ வேண்டும். மாமாவின் சர்க்கரை மாத்திரையைக் கைப்பையிலேயே வை. விமானம் இறங்கும் நேரத்தை எழுது, நான் விமான நிலையத்துக்கு வந்துவிடுவேன். சிமித்காரரிடம் நீங்கள் வரப்போவதைச் சொல்லிவிட்டேன், தேதியை இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
உன் தம்பி