மழை நாளில் முதலில் வருகிறவன்

புதிதாக வந்திருக்கும் கணக்கு டீச்சருக்கு,

வணக்கம். நான் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அம்மா. பள்ளி மேலாண்மைக் குழுவிலும் இருக்கிறேன். போன கூட்டத்தில் உங்களோடு பேச நினைத்தேன். அதற்குள் தக்கலை பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டீர்கள். அங்கே இறங்கிக் குளச்சலுக்கு இன்னொரு பஸ். குலசேகரத்துக்காரியான எனக்கு அந்த அலைச்சல் தெரியும்.

பழைய பள்ளியில் நீங்கள் ‘உபரி’ ஆனதால் இங்கே அனுப்பினார்களாம். கடையில் விற்காமல் கிடக்கும் சரக்கைச் சொல்வது போலிருக்கிறது அந்தச் சொல். எங்கள் பள்ளியிலும் இதே கதைதான். ஆகஸ்ட் 1 அன்று இருக்கும் பிள்ளைகளை எண்ணுகிறார்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர். எங்களிடம் 96 பேர். மூன்று ஆசிரியர் போதும் என்று நான்காமவரான ஆங்கில டீச்சரைப் பணி நிரவலில், அதாவது ஆசிரியர் குறைவான வேறு பள்ளிக்கு, அனுப்பிவிட்டார்கள். ஏ, பி என்று இருந்த ஏழாம் வகுப்பு ஒன்றாகி, ஒரே அறையில் 38 பேர். மொத்தமாக வகுத்தால் கணக்கு சரியாகத்தான் வருகிறது, டீச்சர். பெஞ்சில்தான் இடம் வரவில்லை.

ஆண்டு நடுவில் ஓய்வு பெறுகிற ஆசிரியரைக்கூடப் பிள்ளைகளின் படிப்பு கெடக்கூடாதென்று ஆண்டு முடியும்வரை மறுநியமனத்தில் வைத்துக்கொள்கிறார்கள். அவ்வளவு தெரிந்தவர்கள், ஆகஸ்டில் தலையை எண்ணிவிட்டு நவம்பரில் ஆளை மாற்றுகிறார்கள். சரி, உங்களிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது.

எங்கள் கணக்கு சார் கேட்டிருந்த மாறுதலும் அந்த நேரத்தில்தான் வந்தது. வெள்ளிக்கிழமை ஆணை, திங்கட்கிழமை புதிய பள்ளியில் சேர்ந்துவிட்டார். பதிவேடுகளை எல்லாம் முறையாக ஒப்படைத்திருப்பார். பிள்ளைகளைப் பற்றி அவர் மனதில் வைத்திருந்ததை எந்தப் பதிவேட்டில் எழுதுவது? என் மகளும் கூட்டாளிகளும் சொன்னதை வைத்து, எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

கடைசி பெஞ்சில் ஜன்னலோரம் இருக்கும் பையன் தினமும் பத்து நிமிடம் பிந்தி வருவான். அவன் அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். சிரட்டைகளில் வடிந்த பாலை வாளியில் எடுத்துக் கொடுத்துவிட்டு, கை கழுவி, சட்டை மாற்றி வர வேண்டும். மழை பெய்தால் பால் வெட்டு கிடையாது. அதனால் மற்ற பிள்ளைகள் நனைந்துகொண்டு தாமதமாக வரும் நாளில் அவன் மட்டும் முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருப்பான். சார் அவனிடம் காரணம் கேட்டதே இல்லையாம். போன வாரம் நீங்கள் அவனை வெளியே நிறுத்தினீர்கள். குறையாகச் சொல்லவில்லை, உங்களுக்கு எப்படித் தெரியும்?

இரட்டைப் பின்னல் போட்ட ஒல்லிப் பிள்ளைக்குப் போர்டு தெரியாது. கண்ணாடி உடைந்து இரண்டு மாதமாகிறது, வீட்டில் சொல்லப் பயம். பி பிரிவில் முன் பெஞ்சில் இருந்தவள். வகுப்பைச் சேர்த்தபோது ஏ பிரிவுக்காரர்கள் அறை எங்களுடையது என்று முன்னால் உட்கார்ந்துகொண்டார்கள். இவள் நாலாவது வரிசைக்குப் போய்விட்டாள்.

அப்புறம், குறை எண். ஒரு பிள்ளை எழுந்து, “கிணற்றுக்குள்ளே மூன்று, டீச்சர்” என்று சொன்னால் கிண்டல் என்று நினைக்காதீர்கள். சார் பள்ளிக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்த்தான் குறை எண்களைச் சொல்லிக்கொடுத்தார். கைப்பிடிச் சுவரின் மேல் விளிம்பு பூச்சியம். அதற்குக் கீழே இறங்கும் வாளி குறை, மேலே ஏறும் கயிறு மிகை. தண்ணீர் கோரிப் பழகிய பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபட்டது. குறையைக் குறையால் பெருக்குவதற்குக் கிணறு உதவவில்லை என்று அவரே சிரித்தாராம். அந்த இடத்தில்தான் பாதிப் பிள்ளைகள் இன்னும் நிற்கிறார்கள். அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் அதை ஒரு தடவை தொட்டால் நல்லது.

உங்கள் பழைய பள்ளியிலும் இப்படி நாலு பிள்ளைகள் இருப்பார்கள்தானே? அங்கே இப்போது கணக்கு எடுப்பவருக்கு ஒரு போன் போடுங்கள், டீச்சர். அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அன்புடன்,
ஏழாம் வகுப்பு அம்மா