காவலில் மரணம்: முதல் மூன்று நாள்

ஆசிரியர் அவர்கட்கு,

பொலிஸ் காவலில் ஒருவர் இறந்தால் மறுநாள் பத்திரிகையில் ஆர்ப்பாட்டப் படம் வருகிறது. அன்றிரவே குடும்பம் என்ன செய்ய வேண்டும் என்பது எங்கும் வருவதில்லை. வழக்குகள் பெரும்பாலும் தோற்பது அந்த முதல் நாட்களில்தான்.

இலங்கையின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 371ஆம் பிரிவின்படி, காவலில் நேர்ந்த மரணத்தில் நீதவானே சடலத்தைப் பார்த்து விசாரிக்க வேண்டும். திடீர் மரண விசாரணை அதிகாரி வந்து போனால் போதாது. அடையாளம் காட்டும்போதே காயங்களை நீதவானிடம் வாய்திறந்து சொல்லுங்கள், பதியக் கேளுங்கள். உள்ளங்கால், மணிக்கட்டு, காதின் பின்புறம் இவற்றைப் பார்க்காமல் விடாதீர்கள். உள்ளங்காலில் அடித்தால் பல வேளை தோல் கிழியாது, உள்ளேதான் இரத்தம் கட்டும். சட்ட வைத்திய அதிகாரி பாதத்தையும் முதுகுத் தசையையும் கீறிப் பார்த்தால்தான் அது தெரியும். மார்பையும் வயிற்றையும் மட்டும் திறந்து மூடினால் தெரியாது. ஆகவே சித்திரவதைச் சந்தேகத்தைப் பிரேத பரிசோதனைக்கு முன்பே சொல்லியாக வேண்டும்.

அடுத்தது அடக்கம். காத்தான்குடியிலோ அக்கரைப்பற்றிலோ ஜனாஸாவைத் தாமதிக்க எவருக்கும் மனம் வராது. தமிழ்க் கிராமங்களிலும் "பிள்ளையை இன்னும் அறுக்க வேணாம்" என்றுதான் தாய்மார் அழுவார்கள். அந்த வேதனைக்கு எதிராக வாதாட எங்களால் முடியாது. ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறோம்: தகனம் செய்யாதீர்கள், புதையுங்கள். 2021 ஜூனில் மட்டக்களப்பில் காவலில் இறந்த இளைஞரின் உடலை நீதிமன்ற உத்தரவில் தோண்டியெடுத்து மறுபரிசோதனைக்கு அனுப்ப முடிந்தது, அது அடக்கம் செய்யப்பட்டிருந்ததால்தான். உடுத்திருந்த சாரமும் சேட்டும் கைக்கு வந்தால் கழுவாமல் நிழலில் உலர்த்திக் கடதாசிப் பையில் வையுங்கள். பொலித்தீன் பையில் பூஞ்சணம் பிடித்துவிடும்.

விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்திடாதீர்கள். அம்பாறைப் பக்கம் இது அடிக்கடி நடக்கிறது. "சந்தேகம் எதுவுமில்லை" என்ற ஒரு வரி அதில் இருந்தாலே பின்னர் பெரும் தடையாகிவிடும். பொலிஸ் நிலைய சிசிடிவிப் பதிவு தானாக அழிந்துபோகும், அதைப் பாதுகாக்கும் உத்தரவை வழக்கின் முதல் தவணையிலேயே நீதவானிடம் கேளுங்கள்.

நாட்டின் அதியுயர்ந்த நீதிமன்றமான உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவுக்கு, அதாவது அரசியலமைப்பு தரும் உரிமை மீறப்பட்டது என்ற வழக்குக்கு, ஒரு மாதமே அவகாசம். இறந்தவரின் மனைவி வழக்கை நடத்தலாம் என்று அந்த நீதிமன்றம் 2003இலேயே ஏற்றுக்கொண்டது. கொழும்புச் செலவுக்குக் காசு சேர்ப்பதற்குள் மாதம் ஓடிவிடுகிறது. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அல்லது கல்முனை அலுவலகத்தில் தமிழிலேயே முறைப்பாடு எழுதிக் கொடுங்கள். கட்டணமில்லை, சட்டத்தரணியும் தேவையில்லை. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி, அங்கு விசாரணை நிலுவையில் உள்ள காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. ஆனால் முறைப்பாட்டு இலக்கம் மட்டும் இருந்தால் போதாது. விசாரணை நடைபெறுகிறது என்பதற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்கி வையுங்கள், பல மனுக்கள் இந்த இடத்தில்தான் அடிபடுகின்றன.

1994ஆம் ஆண்டின் சித்திரவதைச் சட்டத்தில் குறைந்தது 7 ஆண்டுச் சிறை உண்டு. அதை நிரூபிக்க, பொலிஸ் நிலையக் கூண்டில் இறந்தவரோடு கூட இருந்தவர்களின் சாட்சியம் வேண்டும். அவர்கள் அதே பொலிஸாருக்குப் பயந்தவர்கள். அவர்களுடைய பெயர்கள் மரண விசாரணையிலேயே நீதவான் முன் பதிவாக வேண்டும். 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அவர்களுக்குப் பாதுகாப்புக் கோரும் விண்ணப்பமும் அதோடு சேர்ந்தே போக வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர்கள்,
கல்முனை