ஸ்பெஷல் ட்யூட்டி

மூன்றுமாவடி, மதுரை.
ஞாயிறு ராத்திரி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. போனில் பேசினால் 'சரிப்பா, சரிப்பா' என்று இரண்டே நிமிஷத்தில் வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படி.

மருமகள் அனுப்பிய போட்டோ எல்லாம் வந்தது. சென்னையில் உங்கள் ஓ.எம்.ஆர். பக்கம் ஏதோ மைதானத்தில் கோடை உணவுத் திருவிழாவாம். பாப்பா குச்சியில் சுருள் சுருளாகக் குத்திய உருளைக்கிழங்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இன்னொன்றில் குதிரை ராட்டினத்தில் உட்கார்ந்திருக்கிறாள். வாயெல்லாம் தக்காளி சாஸ். உன் அக்கா அந்த வயதில் எப்படி இருந்தாளோ அப்படியே. அம்மா போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள், கூட்டத்தில் எங்காவது உன் முகம் தெரிகிறதா என்று. எட்டுப் போட்டோவில் ஒன்றிலும் நீ இல்லை. 'அவன்தானே எடுத்திருப்பான்' என்று சொன்னேன். ஆனால் கடைசிப் போட்டோவில் மருமகளும் பாப்பாவும் கன்னத்தோடு கன்னம் வைத்து நிற்கிறார்கள், மருமகளின் கை முன்னால் நீண்டிருக்கிறது. அவளே எடுத்தது. கேட்டதற்கு, 'அவருக்கு ஆபீஸ் வேலை மாமா' என்றாள். ஞாயிற்றுக்கிழமை.

சரி, வேலை என்றால் வேலைதான். வேலை பார்க்கிறவனைக் குறை சொல்லக் கூடாது. வெறும் வயிற்றில் டீயாகக் குடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்காதே. மோர் குடி.

இங்கே வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. சித்திரைத் திருவிழாவுக்கு அழகர்கோயிலிலிருந்து வருகிற அழகரை எதிர்கொள்கிற எதிர்சேவை அன்றைக்கு வாசலில் நீர்மோர்ப் பந்தல் வழக்கம்போல உண்டு. போன வருஷம் 40 லிட்டர் மோர் காலை பத்து மணிக்கெல்லாம் தீர்ந்துவிட்டது. இந்த வருஷம் 60 லிட்டர் என்று அம்மா முடிவு பண்ணியிருக்கிறாள். இஞ்சியையும் பச்சை மிளகாயையும் மிக்ஸியில் அரைக்கக் கூடாதாம், உரலில்தான் தட்டிப் போட வேண்டுமாம். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு யார் தட்டுவது? பானகத்துக்கு வெல்லமும் சுக்கும் ஏலமும் கீழமாசி வீதியில் போய் வாங்கி வந்துவிட்டேன். போன தடவை பானகத்தில் எலுமிச்சை கூடிப்போனதை மேலூர் சித்தி இன்னும் சொல்லிக்காட்டுகிறாள். சித்தியைப் பற்றி உனக்குத் தெரியும்.

நீ ஊரில் இருந்தபோது பார்த்த கூட்டம் இப்போது இல்லை, அதற்கு மேல். விடியற்காலை அழகர் நம் மூன்றுமாவடிக்கு வந்து சேர்வதற்குள் புதூர் வரைக்கும் ரோட்டின் இரண்டு பக்கமும் கடை போட்டுவிடுகிறார்கள். மிளகாய்ப்பொடி தூவிய வெள்ளரிப்பிஞ்சு, மாங்காய்ப் பத்தை, பொரிகடலை, பருத்திப்பால், பஞ்சு மிட்டாய். மூலைக்கு மூலை ஜிகர்தண்டா. ஆனால் கருப்பட்டியும் சுக்கும் சரியாக விழுந்த பருத்திப்பாலுக்கு முன்னால் ஜிகர்தண்டா நிற்காது என்பதுதான் என் அபிப்பிராயம், நீ ஒத்துக்கொள்ள மாட்டாய். வருகிற வழியில் அழகர் நின்று போக நானூறுக்கு மேல் மண்டகப்படி. ஒவ்வொன்றிலும் யாராவது புளியோதரையோ பொங்கலோ தொன்னையில் வைத்துக் கையில் திணித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். அன்றைக்கு மதுரையில் பசியோடு ஒருத்தன் நடக்க முடியாது.

திருக்கல்யாண விருந்துக்கு அம்மா இந்த வருஷமும் சேதுபதி பள்ளிக்கூடத்துக்குப் போவாள். அவ்வளவு பேரோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மொய்யும் எழுதிவிட்டு வருவாள். மீனாட்சி கல்யாணத்தில் மொய் எழுதாமல் சாப்பிட்டால் செரிக்காது என்பாள். நம் வீட்டுப் பெயரில் எழுதும்போது உன் பெயர், மருமகள் பெயர், பாப்பா பெயர் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எழுதச் சொல்கிறாள். நீங்கள் வராத வருஷமும் அப்படித்தான்.

வராத வருஷம் என்று எழுதிவிட்டேன். மூன்று வருஷம் ஆகிறது. 2020-லும் 2021-லும் கொரோனா என்று அழகர் ஆற்றுக்கே வரவில்லை, எல்லாம் கோயிலுக்குள்ளேயே நடந்தது. அப்போது நீ மாடியில் லேப்டாப்போடு இருந்தாய். ஊரே வெறிச்சோடிக் கிடந்தது, ஆனால் எங்களுக்கு வீடு நிறைந்திருந்தது. 2022-ல் பாப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குள் இறங்கினாய். துருத்தியில் பீய்ச்சிய தண்ணீர் முகத்தில் பட்டதும் பாப்பா அழுதாள், அப்புறம் இன்னும் வேண்டும் என்று அழுதாள். அவளுடைய ஒரு செருப்பு அங்கேயே வைகை மணலில் போய்விட்டது. மிச்சம் ஒற்றைச் செருப்பை அம்மா இன்னும் பச்சைப் பெட்டியில் வைத்திருக்கிறாள். நான் தூக்கிப் போடச் சொன்னேன், கேட்கவில்லை. அதற்குப் பிறகு மூன்று சித்திரை. ஒவ்வொரு தடவையும் ரிலீஸ் என்றாய், கிளையன்ட் என்றாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. சென்னை என்ன அமெரிக்காவா? ராத்திரி எழும்பூரில் ஏறினால் விடியும்போது மதுரை.

சொல்லிக்காட்டுகிறேன் என்று நினைக்காதே. நம் வம்சத்தில் முதல் இன்ஜினியர் நீ. புதூர் டிப்போவில் என்னோடு வேலை பார்த்தவர்கள் எல்லோருக்கும் உன் கம்பெனி பெயர் மனப்பாடம், நான் சொல்லிச் சொல்லி. அக்கா கல்யாணத்துக்கு எடுத்த சொசைட்டி லோனை நீதான் அடைத்தாய். அதை நான் எந்தக் காலத்திலும் மறக்க மாட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்குக் கூப்பிட்டேன் அல்லவா, பாப்பாதான் எடுத்தாள். காய்ச்சல் என்று பள்ளிக்கூடம் போகவில்லையாம். 'அப்பா தூங்குறாங்க தாத்தா, மெதுவா பேசுங்க' என்றாள். நைட் ஷிஃப்டாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். உங்கள் வேலையில் நைட் ஷிஃப்ட் உண்டா, இல்லையா, எனக்குத் தெரியாது. பைக்கும் சர்வீஸில் இருக்கிறது என்று தை மாதம் சொன்னாய். நான் எதையும் கேட்கவில்லை. பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதா என்று மட்டும் எழுது. கஞ்சி கொடு. நீயும் வேளைக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

'அவருக்கு ஆபீஸ் வேலை மாமா' என்று மருமகள் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை தம்பி. அதற்குக் காரணம் உன் அம்மாவுக்கும் தெரியாது. இந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டப் போவதில்லை.

1995 சித்திரை. உனக்கு ஒன்பது வயது. தேனி அத்தை கல்யாணக் கடன் தலைக்கு மேல் இருந்த வருஷம். சம்பளத்தில் பிடித்தம் போகக் கைக்கு வந்தது அரிசிக்கும் வாடகைக்கும்தான். நீயும் அக்காவும் தமுக்கம் மைதானத்துப் பொருட்காட்சிக்குப் போக வேண்டும் என்று ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அந்தச் சனிக்கிழமை எனக்கு ஸ்பெஷல் ட்யூட்டி, அழகர்கோயில் ஸ்பெஷல் பஸ் என்று சொல்லிவிட்டு, காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு மத்தியானமே கிளம்பினேன். அம்மாவிடம் 25 ரூபாய் கொடுத்துவிட்டுப் போனேன்.

அன்றைக்கு எனக்கு ட்யூட்டி இல்லை.

டிப்போ வரைக்கும் நடந்தேன். அப்புறம் அப்படியே நடந்து காந்தி மியூசியம் பக்கம் போய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன். பையில் 12 ரூபாய் இருந்தது. பொருட்காட்சி நுழைவு, ராட்சத ராட்டினம், டெல்லி அப்பளம், மிளகாய் பஜ்ஜி, எல்லாவற்றையும் நான்கு பேருக்குப் போட்டுப் பார்த்தேன். ஓடுகிற பஸ்ஸில் அறுபது பேருக்கு நின்றபடி கணக்குப் போட்டவன் நான். அன்றைக்கு எப்படிப் போட்டாலும் கணக்கு வரவில்லை. நான் இல்லாவிட்டால் ஒரு முழு, இரண்டு அரை. அவ்வளவோடு முடியும்.

அது காசுக்காக மட்டும் என்றால் இத்தனை வருஷம் எனக்கு உறுத்தியிருக்காது. ராட்டினத்தைக் காட்டி நீ என் முகத்தைப் பார்ப்பாய். இல்லை என்று நான் சொல்ல வேண்டும். அதற்குப் பயந்துதான் போனேன். அந்த 'இல்லை'யை உன் அம்மா வாயால் சொல்ல வைத்தேன். அவள் மீது நீ முறைத்துக்கொண்டு மூன்று நாள் பேசாமல் இருந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கோபம் என் மேல் வர வேண்டியது.

எட்டு மணி போல நீங்கள் வெளியே வந்தீர்கள். அக்கா கையில் பாதி டெல்லி அப்பளம். அம்மா வீட்டிலிருந்து கொண்டுபோன தண்ணீர்ப் பாட்டிலைப் பிடித்திருந்தாள். நீ முன்னால் நடக்காமல் திரும்பித் திரும்பி ராட்டின விளக்கைப் பார்த்துக்கொண்டே வந்தாய். பத்தடி தூரம்தான். கூப்பிட்டிருக்கலாம். நான் இளநீர் வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன், காக்கிச் சட்டையோடு. நீங்கள் பஸ் ஏறும்வரை அங்கேயே நின்றேன்.

ராத்திரி பதினோரு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். நீ தூங்கவில்லை. கையில் ஜவ்வு மிட்டாய் வாட்ச், பொம்மைக்காரன் கட்டிவிட்டது. அப்பாவிடம் காட்ட வேண்டும் என்று தின்னாமல் வைத்திருந்தாய். வேர்வையில் பாதி கரைந்து கையோடு ஒட்டியிருந்தது. 'பஸ்ல கூட்டமாப்பா?' என்று கேட்டாய். 'பயங்கரக் கூட்டம்டா' என்றேன். நின்றுகொண்டே வந்த ஒரு கிழவி மயங்கி விழுந்தாள் என்றுகூட ஒரு கதை சொன்னேன். நீ கண்ணை விரித்துக் கேட்டாய்.

அடுத்த இரண்டு வருஷமும் அதையே செய்தேன். பிறகு கடன் அடைந்தது, உண்மையிலேயே ட்யூட்டி வந்தது. அதற்குள் நீ ராட்டினம் கேட்கிற வயதைத் தாண்டிவிட்டாய். 'எங்கப்பாவுக்கு எப்பவும் ட்யூட்டி' என்று காலேஜ் நண்பர்களிடம் நீ சொன்னதை நான் திண்ணையில் இருந்து கேட்டிருக்கிறேன். திருத்தவில்லை. நல்ல உழைப்பாளி அப்பா என்று நினைத்துக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நீ எங்கே போய் உட்கார்ந்திருந்தாய் என்று கேட்கவில்லை. கேட்டால் 'வேலைப்பா' என்பாய். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். மருமகளிடமாவது சொல்லிவிடு. உன் அம்மாவிடம் நான் சொல்லவில்லை, இந்த எழுபது வயதிலும் அது என் நெஞ்சில் கிடக்கிறது.

அப்புறம், மாடி வீட்டுக்காரர் மாசியிலேயே காலி செய்துவிட்டார். இரண்டு பேர் வந்து கேட்டார்கள், நான் விடவில்லை. வெள்ளையடித்து வைத்திருக்கிறேன். பாப்பா மாதிரிப் பிள்ளைகளுக்கு நடந்து போகிற தூரத்திலேயே இங்கே நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது, சும்மா தகவலுக்குத்தான் எழுதுகிறேன். எனக்கு மாதம் பிறந்தால் பென்ஷன் வந்துவிடுகிறது. எங்கள் இரண்டு பேருக்கு என்ன செலவு? மோருக்கும் மாத்திரைக்கும் போக மிச்சம்தான்.

அம்மா கேட்கச் சொன்னது: வருஷம் செழிப்பாக இருக்க இந்தத் தடவை அழகர் பச்சைப் பட்டு உடுத்தி வர வேண்டும் என்று பாப்பாவை வேண்டிக்கொள்ளச் சொல். தங்கச்சி மீனாட்சி கல்யாணத்துக்கு அழகர் எந்த வருஷமும் நேரத்துக்கு வந்து சேர்வதில்லை. அவர் வருவதற்குள் தாலி கட்டி முடிந்துவிடும். அதற்காக யாரும் அவரை ஏன் வந்தாய் என்று கேட்பதில்லை. மூன்றுமாவடி வரை எதிர்கொண்டு போய்க் கூட்டிவருகிறார்கள்.

இதோடு டிக்கெட் வைத்திருக்கிறேன். திருக்கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி, பாண்டியன் எக்ஸ்பிரஸ், ஸ்லீப்பரில் மூன்று பெர்த். ஸ்டேஷன் கவுன்டரில் நானே வரிசையில் நின்று எடுத்தேன். வெயிட்டிங் லிஸ்ட் இல்லை, உறுதியான டிக்கெட். திரும்பிப் போகிறதுக்கு எடுக்கவில்லை, அதை இங்கே வந்து பார்த்துக்கொள்ளலாம். லீவு கிடைக்குமா என்று எழுத வேண்டாம். பாப்பாவுக்குக் கீழ் பெர்த் கொடு, ஜன்னலைச் சாத்திவை. தண்ணீர் வீட்டிலிருந்தே எடுத்துக்கொள். ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஏறு, வெறும் வயிற்றோடு ஏறாதே.

ஒரு நாள் சாயங்காலம் நாம் எல்லோரும் பொருட்காட்சிக்குப் போவோம். ராட்டினத்தில் பாப்பாவோடு நீயும் ஏறு, நானும் ஏறுகிறேன். கீழே அம்மாவும் மருமகளும் நிற்கட்டும். இரண்டு முழு, ஒரு அரை, காசு எடுத்துத் தனியாக வைத்துவிட்டேன்.

பாப்பாவின் செருப்பு அளவு என்ன என்று மறக்காமல் எழுது. ஆற்றுக்குப் போட்டுக்கொண்டு போக, பின்னால் வார் வைத்ததாகப் பார்த்து வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா